தவில் வீட்டு முயல்கள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துபோன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்றரை வருடம் அம்மா படுக்கையில் கிடந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் நான் கரவெட்டியில் என் அலுவலகத்தில் இருக்கும் நேரம் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். அம்மா போன பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழும்பி அறைக்குள் போய்ப் பார்ப்பேன். வெறுங்கட்டில். திரும்பி வந்தால் சோறு ஆறியிருக்கும்.

"இனியாவது ஆறுதலா இரு" என்று எல்லோரும் சொன்னார்கள். நாற்பத்தேழு வயது, கலியாணம் இல்லை, அக்கா வெளிநாட்டில். ஆறுதலாக இருப்பதற்கு எனக்கு வசதிகள் எல்லாம் இருந்தன. எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவின் அலுமாரியில் நிறையச் சாமான்கள் மிஞ்சிக் கிடந்தன. புண்ணுக்குப் போடும் துணிகள், பஞ்சு, களிம்பு, கட்டிலில் விரிக்கும் விரிப்புகள். பாதி பிரித்த பெட்டிகளை ஒருவரும் வாங்க மாட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரிதான் ஒரு வழி சொன்னாள். மானிப்பாய்ப் பக்கம் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறாராம். கைவிடப்பட்ட முயல்களைக் கொண்டுவந்து சுகப்படுத்தி, வளர்க்க ஆள் தேடிக் கொடுக்கிறாராம்.

"முயலோ?" என்றேன்.

"ஓம், முயல்தான். விசர் வேலை எண்டு சனம் சொல்லுது. ஆனா நல்ல மனிசி."

அந்தச் சனிக்கிழமை பெரிய பையோடு ஸ்கூட்டரில் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவர். உயர்ந்த, எலும்பான உடம்பு. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அதன் மேல் ஒரு வெள்ளை முயலைக் கிடத்தி வைத்திருந்தார். பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உமக்குக் கை நடுங்குமோ?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப இதைப் பிடியும்."

முயலின் பின்னங்கால்களைத் திருப்பிக் காட்டினார். பாதத்தில் மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து, சிவந்த புண். கம்பி வலைக்கு மேலேயே நிற்க விட்டால் இப்படி வருமாம். எனக்கு அந்தப் புண்ணைத் தெரியும். அழுத்தத்தில் வருகிற புண். அதை எப்படிக் கழுவுவது, எவ்வளவு களிம்பு பூசுவது, துணியை எப்படி இறுக்காமல் சுற்றுவது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. சுற்றி முடித்ததும் ரீச்சர் உள்ளே போய் அடுத்த முயலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் நான் அவர்களோடு சேர்ந்தேன். அவர்கள் என்றால் இரண்டே பேர். ரீச்சர் ஒன்று, மற்றவர் ஒரு ஓட்டோக்காரர். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவருடைய ஓட்டோவில் வந்த யாரோ கடுதாசிப் பெட்டி ஒன்றைப் பின் இருக்கையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திறந்து பார்த்தால் முயல். மறந்து விட்டார்களோ வேண்டுமென்று விட்டார்களோ என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அதைக் கொண்டு ரீச்சரிடம் வந்தவர், பிறகு வந்துகொண்டே இருந்தார்.

முயல்கள் எங்கிருந்து வருகின்றன என்று நானும் முதலில் ஆச்சரியப்பட்டேன். சாமான்கள் எல்லாம் விலையேறிய காலத்தில் முயல் வளர்த்தால் நல்ல வருமானம் என்று கேள்விப்பட்டுப் பல பேர் கூடு அடித்தார்கள். பெருகினவற்றை வாங்க ஆள் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து, இரண்டு மாதத்தில் பிள்ளைக்கு அலுத்துப்போனவையும் உண்டு. நாய் என்றால் பசிக்குக் குரைக்கும், பூனை என்றால் குசினிக்குள் வந்து கத்தும். முயல் ஒன்றும் சொல்லாது. கூட்டின் மூலையில் குந்திக்கொண்டு மூக்கை ஆட்டும். செத்துக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். அதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. சத்தம் போடாத ஒன்றுக்கு நாம்தான் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும்.

கீரிமலைக்குப் போகும் வழியில் ஒரு சிறுவர் பூங்கா இருந்தது. தனியார் ஒருவர் நடத்தியது; ஊஞ்சல், சறுக்கு, ஐஸ்கிறீம் கடை, பின்னால் பிள்ளைகள் பார்ப்பதற்கு முயல் கூடுகள். பூங்கா மூடிப் பல மாதம் ஆகியும் முயல்கள் உள்ளேயே இருப்பதாக ஒருவர் ரீச்சருக்குச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ஒரு ஞாயிறு காலை போனோம்.

படலையைத் திறந்தவர் அந்த வளவைப் பார்த்துக்கொள்ளும் ஐயா. இரண்டு நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் வருபவர். கூடுகளுக்குப் போகும் வழியிலேயே மூத்திர நாற்றம் கண்ணைக் கரித்தது. கம்பிகள் கறள் பிடித்திருந்தன. ஒரு கூட்டுக்குள் ஏழு. நகங்கள் வளர்ந்து வளைந்து கம்பிக்குள் சிக்கியிருந்தன. காதுக்குள் சொறி தட்டுத் தட்டாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர்ப் பேணிகள் மட்டும் சுத்தமாக இருந்தன.

"பேணி நான்தான் கழுவுறனான்" என்றார் ஐயா. "புல்லும் போடுறனான். ஆனா எனக்குத் தோட்டம் இருக்குது பிள்ளை. ஒவ்வொரு நாளும் இஞ்சை வந்து மினக்கெட ஏலாது. முதலாளியிட்டைக் கேட்டால் பாப்பம் பாப்பம் எண்டுறார்."

"நாங்கள் கொண்டு போறம்" என்றார் ரீச்சர்.

"அவர் சொல்லாமல் நான் தரேலாது. பேந்து என்னிலைதான் பிழை வரும்."

அதுவும் நியாயம்தான். அவருடைய கைபேசியிலேயே முதலாளிக்கு வாட்சப்பில் அழைத்தோம். அவர் வெளிநாட்டில் இருந்தார்; அங்கே அப்போது எத்தனை மணியோ, கனநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார். ரீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

"உதுகள் இன்னும் இருக்குதே?" என்றார் முதலாளி. "எப்பவோ முடிஞ்சிருக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன். கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ."

ஐயா கைபேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு முதல் கூட்டைத் தானே திறந்தார். மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகளில் சாக்கு விரித்து, இரண்டு தடவை ஓட்டோவில் ஏற்றினோம். மொத்தம் இருபத்திரண்டு. கடைசிக் கூடையோடு நாங்கள் புறப்பட்டபோது, அந்த மனிதர் வெறுங்கூடுகளுக்குள்ளிருந்து பேணிகளை எடுத்துக் கிணற்றடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

மிருக வைத்தியர் ரீச்சரின் பழைய மாணவி. எல்லாவற்றையும் பார்த்து, ஆண் பெண் பிரித்து, மருந்து தந்தார். முதல் கிழமையில் நான்கு செத்துப்போயின. மிச்சத்தைப் பங்கிட்டோம். காலில் புண் மோசமாக இருந்த இரண்டு பெண் முயல்கள் என்னிடம் வந்தன. ஒன்று சாம்பல் நிறம், இடக்காது கிழிந்தது. மற்றது வெள்ளை, முதுகில் மண்ணிறத் திட்டு. இரண்டையும் அம்மாவின் அறையில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது? அந்த அறையில்தான் காற்று வரும்.

வெள்ளை கெதியாகத் தேறிவிட்டது. சாம்பல் ஐந்து கிழமை எடுத்தது. காலையும் மாலையும் புண் கழுவ வேண்டும். மடியில் மல்லாக்கக் கிடத்தினால் முதலில் உதைக்கும். பிறகு பழகி, கண்ணை மூடாமலே உறங்கும். அலுவலகத்தில் பத்து மணிக்கெல்லாம் எனக்குக் கால் நிலத்தில் நிற்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த ஐந்து கிழமையும் நான் சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பி வெறுங்கட்டிலைப் பார்க்கவில்லை.

புண் காய்ந்ததும் ரீச்சர் ஆள் பார்த்துவிட்டார். அளவெட்டியில் ஒரு தவில் வித்துவான். தன் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவரே ரீச்சர் வீட்டுக்கு வந்தார். மகள் நாலாம் வகுப்பு.

"பிள்ளை முயல் வேணும் எண்டு ஒரு வருசமாக் கேக்குது" என்றார். "ஆனா ஒண்டு சொல்லவேணும். என்ரை வீட்டிலை சத்தம். நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறனான். அது உதுகளுக்குப் பரவாயில்லையோ?"

முயல் கேட்டு வந்தவர்களில் முயலைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு முதல் கிழமை ஒருவர் தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை கிலோ நிறை வரும்?" ரீச்சர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். தவில் சத்தத்தைப் பற்றி வைத்தியரிடம் விசாரித்தபோது, கூட்டுக்குப் பக்கத்தில் வாசிக்காவிட்டால் சரி, மெல்ல மெல்லப் பழகிவிடும் என்றார். ரீச்சருக்குத் திருப்தி. எனக்கு இல்லை.

"ரீச்சர், சாம்பலை நானே வைச்சிருக்கிறனே" என்றேன்.

"உம்மடை வீடு ஆசுப்பத்திரி. ஆசுப்பத்திரியிலை ஆரும் குடியிருக்கிறேல்லை" என்றார். "அடுத்தது வரேக்கை எங்கை வைப்பீர்?"

ரீச்சரின் கொப்பியில் சில விதிகள் இருந்தன. இறைச்சிக்கு இல்லை. தனியாக வளர்க்கக் கூடாது. கூட்டின் அடியில் பலகை வேண்டும். வெய்யில் படக்கூடாது. முதல் மாதத்தில் ஒரு தடவை நாங்கள் வந்து பார்ப்போம். தவில் வீட்டுக்குப் பார்க்கப் போகிற வேலையை நான் கேட்டு வாங்கினேன்.

முதல் சனிக்கிழமை போனேன். பின் வளவில் கொட்டிலுக்குள் நல்ல கூடு, பலகை அடித்து, சாக்குத் தொங்கவிட்டு. வித்துவானின் மனைவி தேத்தண்ணி தந்தார். சின்னவள் இரண்டுக்கும் பலகாரப் பெயர்கள் வைத்திருந்தாள். எல்லாம் சரி என்று கொப்பியில் எழுதலாம். நான் அடுத்த சனிக்கிழமையும் போனேன், அறுகம்புல் கொண்டுபோகிறேன் என்று. அதற்கு அடுத்ததும் போனேன். கரவெட்டியிலிருந்து அளவெட்டிக்கு ஸ்கூட்டரில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்தத் தூரம் எனக்குப் பிடித்திருந்தது. போகிற ஒரு மணித்தியாலமும் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு. சாம்பலின் காலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அது அடங்கும். திரும்பிப் போகும் வழியில், சந்தி தாண்டுவதற்குள், மறுபடி தொடங்கும்.

நான்காம் தடவை தண்ணீர்ப் பேணியை நானே எடுத்துக் கழுவினேன். ஐந்தாம் தடவை, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்த நேரம், முயலை மடியில் போட்டுக் கால் பார்த்து, "பலகையை ஒவ்வொரு நாளும் துடைக்கவேணும்" என்றேன். மனைவி தலையை ஆட்டினார்.

"அக்கா, சனிக்கிழமை எண்டால் நீங்கள் வருவியள் எண்டு நான் விடியவே கூட்டிக் கழுவிப்போடுவன்" என்று ஒருநாள் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் பின்னேரம் போனபோது வித்துவான் கொட்டிலுக்கு எதிரே மாமரத்தின் கீழ் பாய் விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். சாம்பலின் காதுகள் பின்னால் படிந்திருந்தன. அது பயத்திலா சும்மாவா என்று எனக்குத் தெரியாது. இருந்தும் போய்ச் சொன்னேன், "அண்ணை, கொஞ்சம் தள்ளி இருந்து வாசிக்கேலாதோ?"

அவர் கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். தவிலைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்குப் போனார். அவருடைய அப்பாவும் அந்த மரத்தின் கீழ் இருந்துதான் சாதகம் செய்தவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தேத்தண்ணி வந்தது, ஆனால் மனைவி பக்கத்தில் உட்காரவில்லை.

மூன்றாம் மாதம். வெய்யில் கடுமையான ஒரு சனிக்கிழமை. நான் போய்ச் சேரும்போது பதினொரு மணி இருக்கும். படலை சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்னால் போனேன். முயல் கூடு கொட்டிலுக்குள் இல்லை. முற்றத்தில், ஒரு முருங்கைமரத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. மரத்தின் நிழல் கூட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது. பாதிக் கூட்டில் நேர் வெய்யில். தண்ணீர்ப் பேணி கவிழ்ந்து கிடந்தது. இரண்டும் நிழல் பக்கத்து மூலையில் ஒட்டிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கின.

நான் செய்ய வேண்டியது என்ன என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். கூட்டை ஒரு முழம் நகர்த்தியிருக்கலாம். பேணியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். தொலைபேசி எடுத்திருக்கலாம். இலக்கம் என்னிடம் இருந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன் என்று பிறகு ரீச்சரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. காத்திருக்கவே இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கடுதாசிப் பெட்டியில் இரண்டையும் போட்டு, ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்து, முழங்காலால் இடுக்கிக்கொண்டு ஓடினேன். கூட்டுக் கதவைக்கூட மூடவில்லை.

வழி முழுதும் ஒரு கொதிப்பு. ரீச்சருக்கு என்ன சொல்வது, ரீச்சர் அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாக மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்து அம்மாவின் அறையில் இறக்கிவிட்டு, ஈரத்துணியால் காதுகளைத் துடைத்தேன். தண்ணீர் குடித்தன. புல் கொஞ்சம் கடித்தன. நான் நிலத்தில் குந்தியிருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. வித்துவானின் மனைவி.

அதட்டுவதற்குத் தயாராக எடுத்தேன். எடுத்ததும் அழுகைச் சத்தம்.

"அக்கா, எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முயல் ரெண்டையும் காணேல்லை. நாய் கொண்டுபோட்டுது போலை. கூடு திறந்து கிடக்குது."

எனக்கு முன்னால் இருந்த இரண்டையும் பார்த்தேன்.

"கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறம் எண்டு கூட்டை மரத்துக்குக் கீழை வைச்சனாங்கள். பின் தெருவிலை ஒரு செத்த வீடு. முகத்தைக் காட்டிப்போட்டு ஓடியருவம் எண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனனான். அரை மணித்தியாலம்கூட இல்லை அக்கா. நான்தான் கதவை வடிவாப் பூட்டேல்லைப் போலை. நீங்கள் அவ்வளவு பாடுபட்டுச் சுகப்படுத்தித் தந்த முயல்." பின்னால் சின்னவள் அந்தப் பலகாரப் பெயர்களைக் கூப்பிடுவது கேட்டது. "அவர் ஒழுங்கை ஒழுங்கையாத் தேடித் திரியிறார். உங்களுக்குச் சொல்லாமல் இருக்கேலாது எண்டுதான் எடுத்தனான்."

சாம்பல் என் கால் பெருவிரலை முகர்ந்துகொண்டிருந்தது.

"நான்... பாப்பம்" என்றேன். "அழாதேங்கோ." வைத்துவிட்டேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். "இஞ்சை இருக்குது" என்று. மூன்று நொடி வேலை. நான் எழும்பி முன் விறாந்தைக்குப் போனேன், திரும்பக் குசினிக்குப் போனேன், கிணற்றடிக்குப் போனேன். உடுப்பு ஊற வைத்தேன், அதைத் தோய்க்காமல் விட்டேன். தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். ஒவ்வொரு நிமிடமும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டு போனது. முதல் நிமிடம் சொல்லியிருந்தால் நான் அவசரக்காரி. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சொன்னால் கள்ளி. நாய் என்றே இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இரண்டும் என்னிடமே இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. அந்த யோசனைக்குள் ஒரு நிமிடம் சந்தோசமாகக்கூட இருந்தேன். பிறகு எனக்கு என்னையே பயமாகிவிட்டது.

ரீச்சருக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன், அந்தப் பத்து நிமிடப் பொய்யோடு. ரீச்சர் நடுவில் குறுக்கிடவில்லை.

"பதினொரு மணி வெய்யிலுக்குள்ளையோ கொண்டந்தனீர்?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"பெட்டிக்குள்ளை போட்டு. ஒரு மணித்தியாலம்."

"ஓம் ரீச்சர்."

"நிழலுக்கு ஒரு முழம் தள்ளி வைச்சிருந்ததுக்கு."

நான் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து விரித்தேன்.

"அண்ணையை ஓட்டோ கொண்டுவரச் சொல்லுறன். வெய்யில் தாழ்ந்த உடனை கொண்டுபோய்க் குடும். என்ன நடந்ததெண்டு நீரே வாயாலை சொல்லும். நான் வரமாட்டன். இப்ப அந்த வீட்டுக்குப் போன் எடுத்து முயல் உயிரோடை இருக்குதெண்டு சொல்லும். இப்ப. நான் வைக்கிறன்."

எடுத்தேன். "முயல் என்னட்டை இருக்குது. பின்னேரம் கொண்டுவாறன்" என்று மட்டும் சொன்னேன்.

ஓட்டோக்கார அண்ணை வழியில் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகப் பகிடி விட்டுக்கொண்டே ஓடுபவர். அளவெட்டிக்குள் நுழையும்போது மட்டும், "நான் படலையடியிலை நிக்கிறன். நீங்கள் ஆறுதலாக் கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றார்.

முற்றத்தில் மூன்று பேரும் நின்றார்கள். வித்துவானின் வேட்டிக் கரையில் வேலியின் முள் கிழித்த கீறல். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். வெய்யில், பேணி, பெட்டி, கூட்டுக் கதவு, தொலைபேசியில் வாய் திறக்காதது, எல்லாம். சொல்லி முடிக்கும் முன்பே சின்னவள் கூடையைத் திறந்து வெள்ளையைத் தூக்கிவிட்டாள். பிறகு சாம்பலைத் தூக்கினாள். இரண்டையும் ஒன்றாகத் தூக்க முடியாமல் தடுமாறி, நிலத்தில் குந்தி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் அழேக்கை உங்களுக்குக் கேட்டதோ?" என்றார் மனைவி.

"கேட்டது."

"கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கிறன். கோவிக்காதேங்கோ" என்றார் வித்துவான். "முயல் உங்கடை எண்டால் இப்பவே தூக்கிக்கொண்டு போங்கோ. பிள்ளைக்கு நான் சொல்லி விளங்கப்படுத்துவன். எங்கடை எண்டால் விட்டிட்டுப் போங்கோ. ரெண்டிலை ஒண்டு. இப்பிடி நடுவிலை வைச்சிருந்தால் எங்களுக்கும் அந்தரம், உதுகளுக்கும் அந்தரம்."

எங்களுக்கும் உதுகளுக்கும் என்றார். உங்களுக்கும் என்று சொல்லவில்லை. அது அவருடைய மரியாதை.

"உங்கடைதான்" என்றேன்.

சாம்பலின் காலை ஒருதரம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். படலையடியில் அண்ணை ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையை ரீச்சர் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். "உமக்குப் புண் கட்டத் தெரியும். அதைச் செய்யும்" என்றார். எனக்கு ரோசம். இரண்டு கிழமை போகவில்லை. அந்த இரண்டு சனிக்கிழமையும் நான் வீட்டில் என்னென்ன செய்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அலுமாரியை இழுத்துப் பின்சுவர் துடைத்தேன். எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றித் தோய்த்தேன். நன்றாக இருந்த கிணற்றுக் கயிற்றை மாற்றினேன். மூன்றாம் சனிக்கிழமை படலையில் ஓட்டோ வந்து நின்றது. அண்ணை ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே காது முழுக்கச் சொறி பிடித்த கறுப்பு முயல்.

"ரீச்சர் தந்துவிட்டவ. ரெண்டு கிழமை மருந்து பூசவேணுமாம். பூசி முடிய நான் வந்து எடுப்பனாம். நீங்கள் கொண்டுவரத் தேவையில்லையாம்" என்று பாடம் ஒப்புவிப்பதுபோல் சொல்லிவிட்டு, "இதிலை நான் ஒண்டும் கூட்டிக் குறைக்கேல்லை" என்றார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு வேலைநாள் காலை, அலுவலகத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரம், தொலைபேசி அடித்தது. வித்துவானின் மனைவியின் இலக்கம்; அதை நான் அழிக்கவில்லை. வெளியே ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, சாம்பல் நேற்றுப் பின்னேரத்திலை இருந்து ஒண்டும் தின்னேல்லை. புழுக்கையும் போடேல்லை. வயிறு கல்லு மாதிரி இருக்குது. ரீச்சருக்கு அடிச்சால் எடுக்கிறா இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "உங்களை வரச்சொல்லி நான் கேக்கேல்லை. என்ன செய்யிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். முயல் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுவிடும். மத்தியானம் வரை பார்க்கக் கூடாது, இப்பவே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வைத்தியரின் இலக்கத்தைக் கொடுத்தேன். அவருக்கு நானும் அழைத்துச் சொன்னேன். வெய்யில் என்பதால் பெட்டியில் ஈரத்துணி சுற்றிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று வைக்கச் சொன்னேன். நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். யாரோ கொண்டுவந்த கோவா இலை, நிறைய. அதில்தான் வயிறு ஊதியிருக்கும் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"சரி அக்கா. போட்டு வாறன்" என்று வைத்தார்.

மேசைக்குத் திரும்பினேன். கையில் ஸ்கூட்டரைக் கிளப்பும் திறப்பு இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அன்று முழுவதும் ஒரு கடிதத்தை மூன்று தடவை பிழையாக அடித்தேன். இரண்டு தடவை ஸ்கூட்டர் நிற்கும் இடம் வரை போய்த் திரும்பினேன். பக்கத்து மேசைக்காரி, "உமக்கு என்ன, சுகமில்லையோ?" என்றாள். மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடினேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தொலைபேசியைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று கேட்டு ஒரு வரி எழுதி, அழித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன்.

மூன்றரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு சொல்.

"தின்னுது."

என் வரிசையில் ஒரு முதியவர் பத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கி, கையெழுத்து எங்கே என்று பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் போன பிறகு "சந்தோசம்" என்று பதில் எழுதினேன். அடுத்த நாள் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு லேசாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் நேரே ரீச்சர் வீட்டுக்குப் போனேன். மேசையில் பேப்பர் விரித்திருந்தது. நகம் வெட்ட ஐந்து முயல்கள் காத்திருந்தன.